ரோமக் காசை வாசிப்பது எப்படி? அகஸ்டஸ் முதல் நீரோ வரை

ரோமப் பேரரசின் தொடக்க காலக் காசு ஒன்றைப் பார்த்ததும் எல்லோரும் முதலில் முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்ல முயல்வார்கள். முகத்தைக் கடைசியில் பாருங்கள். முதல் பேரரசரான அகஸ்டஸ் எழுபதைத் தாண்டியும் காசில் இளைஞனாகவே இருப்பார். அவருக்குப் பின் வரிசையாக வந்த டிபெரியஸ், காலிகுலா, கிளாடியஸ், நீரோ ஆகியோரும் தொடக்கத்தில் அவர் சாயலில்தான் செதுக்கப்பட்டார்கள். ஆள், ஆண்டு, அரசியல் மூன்றையும் சொல்வது விளிம்பைச் சுற்றி ஓடும் சுருக்கெழுத்து. ரோமில் அப்போது அரசன் என்று ஒரு பதவியே கிடையாது. பழைய குடியரசுப் பதவிகளை ஒவ்வொன்றாக ஒரே ஆளின் பெயரோடு கோத்துத்தான் பேரரசன் உருவானான். அந்தக் கோவையே காசில் பொறித்திருக்கிறது.

லத்தீன் எழுத்துகளை இந்தக் கட்டுரையில் ஆங்கில எழுத்துப் பெயர்களாலேயே சொல்கிறோம்.

முதலில் தராசு

வேண்டியவை: 0.01 கிராம் காட்டும் மின்னணுத் தராசு, வெர்னியர் காலிப்பர், பத்து மடங்கு லென்ஸ், பக்கவாட்டில் சாய்த்து வைக்கக்கூடிய ஒரு மேசை விளக்கு. காசைக் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, பல்பொடி எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. செம்புக் காசின் பச்சைப் படலத்தை எடுத்தால் எழுத்தும் சேர்ந்தே போய்விடும்.

உலோகத்தையும் எடையையும் வைத்தே பாதி வேலை முடியும். பொன் காசு அவுரியஸ். அகஸ்டஸ் காலத்தில் ஏறத்தாழ 7.8 கிராம். வெள்ளிக் காசு டினாரியஸ், 3.6 முதல் 3.9 கிராம், விட்டம் 17 முதல் 20 மில்லிமீட்டர். பித்தளையில் பெரியது செஸ்டெர்டியஸ். சுமார் 25 கிராம், 33 மில்லிமீட்டருக்கு மேல். அதில் பாதி மதிப்புள்ள டுபோண்டியஸும் பித்தளைதான். அதிலும் பாதியான ஆஸ் செம்பு. கடைசி இரண்டும் அளவில் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் புதியவர்கள் குழம்புவார்கள். விளிம்பில் படலம் உதிர்ந்த இடம் இருந்தால் அங்கே பாருங்கள்: மஞ்சளாக இருந்தால் டுபோண்டியஸ், சிவப்பாக இருந்தால் ஆஸ். நீரோவிலிருந்து டுபோண்டியஸில் பேரரசன் தலையில் கதிர்முடி வைக்கும் பழக்கம் பரவியது. அதற்கு முன்பு கதிர்முடி இருந்தால் அது மதிப்பின் அடையாளம் அல்ல, இறந்து தெய்வமாக்கப்பட்ட அகஸ்டஸின் அடையாளம்.

மாற்று விகிதம்: 1 அவுரியஸ் 25 டினாரியஸ், 1 டினாரியஸ் 4 செஸ்டெர்டியஸ், 1 செஸ்டெர்டியஸ் 4 ஆஸ். கையில் இருக்கும் காசுக்கு அந்தச் சமூகத்தில் என்ன இடம் என்று புரிய மூன்று எண்கள் போதும். படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டெர்டியஸ். செனட்டுக்கு அடுத்த செல்வர் வகுப்பான குதிரைவீரர் வகுப்பில் சேர 4 லட்சம் செஸ்டெர்டியஸ் சொத்து வேண்டும். செனட் உறுப்பினருக்கு 10 லட்சம்.

கி.பி. 64-ஐ நினைவில் வையுங்கள். அந்த ஆண்டில் நீரோ எடையைக் குறைத்தார். ஒரு ரோம ராத்தல் வெள்ளியில் 84 டினாரியஸ் அடித்த இடத்தில் 96 அடிக்கத் தொடங்கினார்கள். வெள்ளியின் தூய்மையும் குறைந்தது. பொன்னில் ராத்தலுக்கு 45 காசு. ஆகவே நீரோவின் டினாரியஸ் 3.4 கிராமுக்குக் கீழே இருந்தால் சீர்திருத்தத்துக்குப் பிந்தையதாக இருக்கலாம். ஆனால் தேய்ந்த காசில் எடையை மட்டும் நம்ப வேண்டாம். தமிழகத்தில் கிடைத்த வெள்ளிக் குவியல்களில் 64-க்கு முந்தையவை மிகுந்தும் பிந்தையவை அரிதாகவும் இருக்கின்றன. இங்கே வெள்ளியைக் காசாக அல்ல, எடையாகவே மதித்து வாங்கினார்கள் என்பதற்கு அதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

எழுத்து எங்கே தொடங்குகிறது

பெரும்பாலும் கீழ் இடது மூலையில், கடிகாரத்தில் 7 இருக்கும் இடத்தில் தொடங்கி வலஞ்சுழியாக ஓடும். இது எல்லாக் காசுக்கும் பொருந்தாது. டிபெரியஸின் வெள்ளியில் மேல் வலப்பக்கம், 1 மணி இடத்தில் தொடங்கும். அதனால் தொடக்கத்தைத் தேடி அலையாமல் பெயரைத் தேடுங்கள். 'டி.ஐ.' என்றால் டிபெரியஸ் என்ற முதற்பெயர். இது பேரரசன் டிபெரியஸுக்கும் உண்டு, கிளாடியஸுக்கும் உண்டு. அடுத்து 'சீசர்' வருகிறதா 'கிளாட்' வருகிறதா என்று பார்த்தால் பிரிந்துவிடும். 'சி' என்பது காயஸ் என்ற பெயரின் சுருக்கம். காலிகுலாவின் காசுகள் இப்படித்தான் தொடங்கும். காலிகுலா என்ற பட்டப்பெயர் எந்தக் காசிலும் வராது.

'யு' என்ற எழுத்தே கிடையாது. 'வி'தான் இரண்டு வேலையும் பார்க்கும். ஆகவே அகஸ்டஸின் சுருக்கம் 'ஏ.வி.ஜி.' என்று தெரியும். சொற்களுக்கு நடுவே இடைவெளியை எதிர்பார்க்க வேண்டாம். நான்கு என்ற எண்ணைப் பெரும்பாலும் நான்கு கோடாகவே போட்டிருப்பார்கள். நடுவில் ஒரு கோடு தேய்ந்திருந்தால் அது மூன்றாகத் தெரியும், ஆண்டு ஒன்று பிசகும். விளக்கைக் காசின் மட்டத்துக்குத் தாழ்த்தி, காசை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். தேய்ந்த கோடு ஏதாவது ஒரு கோணத்தில் நிழல் காட்டும்.

பட்டங்களை அவிழ்ப்பது

அவசரப்படாமல் செய்ய வேண்டிய இடம் இது.

'டி.ஆர்.பி.' அல்லது 'டி.ஆர்.பாட்': ட்ரிப்யூன் அதிகாரம். ட்ரிப்யூன்கள் சாமானிய மக்களைக் காக்க ஏற்பட்டவர்கள். எந்தத் தீர்மானத்தையும் தடுக்கலாம், அவர்கள் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. உயர்குடிக்காரரான அகஸ்டஸ் அந்தப் பதவியில் அமர முடியாது. அதனால் கி.மு. 23-ல், ஆண்டுதோறும் வகித்துவந்த கான்சல் என்ற உயர் ஆட்சிப் பதவியை விட்டுவிட்டு, ட்ரிப்யூனின் அதிகாரத்தை மட்டும் தனியே பெற்றுக்கொண்டார். அது ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்பட்டு எண் ஏறும். நமக்குத் தேதி கிடைப்பது இதில்தான்.

'சி.ஓ.எஸ்.': கான்சல். எத்தனையாவது முறை என்ற எண் கூடவே இருக்கும். இது மெதுவாக ஏறும். கிளாடியஸின் மூன்றாம் கான்சல் பதவி 43-ல், நான்காவது 47-ல். இடைப்பட்ட காலம் முழுக்க 'மூன்று' என்றேதான் நிற்கும். பின்னால் 'டெசிக்' என்று வந்தால் தேர்வாகிவிட்டார், இன்னும் பதவி ஏற்கவில்லை என்று பொருள்.

'பி.எம்.' அல்லது 'பொன்டிஃப் மாக்ஸிம்': தலைமைப் பூசாரி. முன்பே இந்தப் பதவியில் இருந்த லெபிடஸ் உயிரோடு இருந்தவரை அகஸ்டஸ் இதைப் பிடுங்கவில்லை. அவர் இறந்த பிறகு, கி.மு. 12-ல்தான் ஏற்றார்.

'பி.பி.': தேசத் தந்தை. அகஸ்டஸுக்கு கி.மு. 2 பிப்ரவரியில் கிடைத்தது. டிபெரியஸ் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்; ஆகவே அவர் காசில் இதைப் படித்ததாகத் தோன்றினால் திரும்பப் படியுங்கள்.

'ஐ.எம்.பி.': இது இரண்டு வேலை செய்யும். பெயருக்கு முன் வந்தால் முதற்பெயர். பின்னால் எண்ணோடு வந்தால் படைவெற்றிக்காக எத்தனை முறை வாழ்த்தொலி பெற்றார் என்ற கணக்கு. வென்றது தளபதியாக இருந்தாலும் கணக்கு ஏறுவது பேரரசனுக்கு. ரோமை விட்டு அதிகம் நகராத கிளாடியஸ் 27 வரை போனார்!

'டிவி எஃப்': தெய்வத்தின் மகன். அரசுரிமைச் சண்டை முழுக்க இதில் ஒளிந்திருக்கிறது. அகஸ்டஸ், தெய்வமாக்கப்பட்ட ஜூலியஸ் சீசரின் தத்துப்பிள்ளை. டிபெரியஸ், தெய்வ அகஸ்டஸின் மகன்; இதுவும் தத்துதான். டிபெரியஸ் தெய்வமாக்கப்படவே இல்லை, ஆகவே காலிகுலா அவரைத் தாண்டிப் போய் 'தெய்வ அகஸ்டஸின் கொள்ளுப்பேரன்' என்று போட்டுக்கொண்டார். கிளாடியஸின் காசில் தெய்வமும் இல்லை, மகனும் இல்லை. அவரை யாரும் சீசர் குடும்பத்தில் தத்தெடுக்கவில்லை, சீசர் என்ற பெயரைத் தானே சேர்த்துக்கொண்டார். நீரோவில் மறுபடி 'தெய்வ கிளாடியஸின் மகன்' வந்துவிடுகிறது. ஒரு காசில் இந்தச் சொல் இல்லை என்றால், அந்த இல்லாமையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆண்டைக் கணக்கிடுவது

'டி.ஆர்.பி.' எண்ணைப் படித்துவிட்டால் கூட்டல் கழித்தல்தான். அகஸ்டஸுக்கு 24-லிருந்து எண்ணைக் கழித்தால் கி.மு. ஆண்டு, எண் 24-ம் அதற்கு மேலும் என்றால், எண்ணிலிருந்து 23-ஐக் கழித்தால் கி.பி. ஆண்டு. டிபெரியஸுக்கு, பேரரசன் ஆன பிறகான காசுகளில், எண்ணிலிருந்து 2-ஐக் கழியுங்கள். கி.மு. 6-லேயே இந்த அதிகாரத்தைப் பெற்று, ஐந்து ஆண்டு முடிந்ததும் கைவிட்டு, கி.பி. 4-ல் மறுபடி தொடங்கியவர் என்பதால்தான் இந்த விநோதக் கணக்கு. காலிகுலாவுக்கு 36-ஐக் கூட்டுங்கள், கிளாடியஸுக்கு 40. நீரோவுக்கு 53 என்று தொடங்கலாம், ஆனால் அவர் காலத்தில் புதுப்பிக்கும் நாளே விவாதத்துக்குரியது என்பதால் ஓராண்டு முன்பின் விட்டு எழுதுங்கள்.

கிடைக்கும் ஆண்டு ஜனவரியில் தொடங்குவதல்ல. கிளாடியஸுக்கு ஜனவரி 25, டிபெரியஸுக்கு ஜூன் கடைசி. ஆகவே '22–23' என்று இரட்டை ஆண்டாகவே குறிக்க வேண்டும்.

ஒரு காசை முழுக்கப் படித்துப் பார்ப்போம். பொன். முன்பக்கம்: 'டி.ஐ. கிளாட் சீசர் ஏ.வி.ஜி. பி.எம். டி.ஆர்.பி. ஆறு, ஐ.எம்.பி. பதினொன்று'. பின்பக்கம்: ஒரு வெற்றி வளைவு, மேலே குதிரைவீரன் சிலை, இருபுறமும் கைப்பற்றிய ஆயுதக் குவியல், வளைவின் நெற்றியில் 'டி பிரிட்டான்'. ஆள் கிளாடியஸ். ஆறோடு நாற்பதைக் கூட்டினால் 46, எனவே 46–47. 'டி பிரிட்டான்' என்றால் பிரித்தானியரை வென்றதற்காக. படையெடுப்பு 43-ல், ஊர்வலம் 44-ல். ரோம் நகரில் அந்த வளைவு அர்ப்பணிக்கப்பட்டதோ 51–52-ல். கல்லில் எழுந்து முடிவதற்கு ஐந்து ஆண்டு முன்பே காசில் எழுந்துவிட்டது! காசில் கட்டடம் இருந்தால் 'இந்த ஆண்டில் இந்தக் கட்டடம் இருந்தது' என்று எழுதிவிடாதீர்கள். தீர்மானம் ஆகியிருக்கிறது என்பதற்கு மேல் அது எதற்கும் சான்றல்ல.

தமிழகத்தில் அதிகம் பார்க்கக்கூடிய இரண்டு வகை

வெள்ளலூர், கரூர் போன்ற கொங்குப் பகுதிக் குவியல்களில் திரும்பத் திரும்ப வருபவை இரண்டு டினாரியஸ் வகைகள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத் தொகுப்பில் ரோமக் காசுகளைப் பார்க்கப் போகிறவர்கள் இவை இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டு போகலாம்.

ஒன்று அகஸ்டஸுடையது. பின்பக்கத்தில் அங்கி அணிந்த இரு இளைஞர்கள், நடுவில் இரண்டு கேடயம், இரண்டு ஈட்டி. அவர்கள் காயஸ், லூசியஸ். அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரன்கள், பிறகு தத்துப்பிள்ளைகள். கேடயமும் ஈட்டியும் குதிரைவீரர் வகுப்பு அவர்களை 'இளைஞர் தலைவர்' என்று வாழ்த்தித் தந்தவை. மேலே மிதக்கும் வளைந்த கோல் குறிசொல்லும் பூசாரியான லூசியஸுக்கு, அகப்பை மற்றொரு பூசாரிக் குழுவில் இருந்த காயஸுக்கு. முன்பக்கத்தில் 'தேசத் தந்தை' இருப்பதால் கி.மு. 2-க்கு முன் போக முடியாது. ஆனால் முடிவு? 'தேர்வான கான்சல்கள்' என்கிறது வாசகம். காயஸ் கி.பி. 1-ல் கான்சலாகவே ஆகிவிட்டார். லூசியஸ் 2-ல் இறந்தார், காயஸ் 4-ல். எழுத்துக்கு எழுத்து எடுத்தால் மூன்றே ஆண்டில் அச்சடிப்பு நின்றிருக்க வேண்டும். கிடைக்கும் எண்ணிக்கையோ அதற்கு மிக அதிகம். வழக்கமான பட்டியல்கள் கி.பி. 4 வரை கொடுக்கின்றன. வாசகம் தொடக்கத்தைச் சொல்லும், முடிவைச் சொல்லாது. பழைய வாசகத்தையே வைத்துக்கொண்டு அச்சுக்கூடம் ஓடிக்கொண்டிருக்கும்.

மற்றது டிபெரியஸுடையது. பின்பக்கத்தில் நாற்காலியில் அமர்ந்த பெண், ஒரு கையில் கோல், மறுகையில் கிளை. வலப்பக்கம் 'பொன்டிஃப்', இடப்பக்கம் 'மாக்ஸிம்'. பெண் அமைதித் தெய்வமாகவும் இருக்கலாம், தாய் லிவியாவாகவும் இருக்கலாம். இரண்டாகவும் தெரியவேண்டும் என்றே வைத்ததுபோல இருக்கிறது. 'டி.ஆர்.பி.' எண் இல்லை, எனவே தேதியும் இல்லை: 14–37 என்றுதான் எழுத முடியும். நாற்காலிக் கால் வெறுமையா, வேலைப்பாடு உள்ளதா என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். உட்பிரிவு அதை வைத்துத்தான். 'இராயனுடையதை இராயனுக்கு' என்று இயேசு சொன்ன வரிக்காசு இதுதான் என்று சொல்லி விற்பனையாளர்கள் விலையை ஏற்றுவார்கள். பொருந்தி வரும் காசு என்பது உண்மை. இதுவேதான் என்பதற்கு ஆதாரம் இல்லை.

பின்பக்கத்தில் அரசியல்

கிளாடியஸின் தொடக்க காலப் பொன்னிலும் வெள்ளியிலும் ஒரு படைமுகாமின் மதில் இருக்கும். அதன்மேல் 'இம்பெர் ரிசெப்ட்', அதாவது பேரரசனை ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்டது செனட் அல்ல, மெய்க்காவல் படை. 41-ல் காலிகுலா கொலையான கையோடு அவர்கள்தான் கிளாடியஸை முகாமுக்குத் தூக்கிப்போனார்கள். ஆளுக்கு 15,000 செஸ்டெர்டியஸ் தருவதாக வாக்களித்தார் என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ். சாதாரணப் படைவீரனின் பதினாறு ஆண்டுச் சம்பளத்துக்கும் மேல். இவ்வளவு வெளிப்படையாக நன்றிக்கடனைக் காசில் ஒப்புக்கொண்ட ஆட்சி வேறொன்றைச் சொல்வது கடினம்.

நீரோவின் முதல் இரண்டு ஆண்டுக் காசுகளை வரிசையாக வைத்தால் ஒரு வீழ்ச்சியை வாசிக்கலாம். 54 டிசம்பரில் அடித்தவற்றில் நீரோவும் தாய் அக்ரிப்பினாவும் நேருக்கு நேர் பார்த்தபடி. முன்பக்கத்து எழுத்து முழுவதும் தாயின் பட்டங்கள்; மகனின் பெயர் பின்பக்கத்துக்குப் போய்விட்டது. 55-ல் இரண்டு தலையும் ஒரே திசையில், ஒன்றன்மேல் ஒன்று. முன்னால் இருப்பது நீரோ. எழுத்தும் இடம் மாறிவிட்டது, தாய் பின்பக்கம். அதன் பிறகு அவர் காசிலேயே இல்லை. 59-ல் கொல்லப்பட்டார். இதைப் படிக்க வேண்டுமானால் எது முன்பக்கம் என்பதை முதலில் சரியாகத் தீர்மானிக்க வேண்டும். எழுத்து எந்தப் பக்கம் யாருடையது என்று குறிக்காமல் 'நீரோ, அக்ரிப்பினா' என்று மட்டும் எழுதினால் பாதிச் செய்தி போயிற்று.

பித்தளை, செம்புக் காசுகளில் பெரிதாக நிற்கும் 'எஸ்.சி.' செனட்டின் தீர்மானப்படி என்று பொருள்படும். அதன் நடைமுறைப் பொருள் என்ன என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அதை வைத்து 'செம்பை செனட் ஆண்டது' என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஏமாறும் இடங்கள்

முகத்துக்கு உரியவர் அடித்தவராக இருக்க வேண்டியதில்லை. 'எம். அக்ரிப்பா' என்று தொடங்கி, பின்பக்கம் நெப்டியூன் திரிசூலத்தோடு நிற்கும் ஆஸ் ஏராளமாகக் கிடைக்கிறது. அகஸ்டஸின் தளபதியும் மருமகனுமான அக்ரிப்பா இறந்தது கி.மு. 12-ல். காசை அடித்தது பெரும்பாலும் அவர் மகள்வழிப் பேரன் காலிகுலா. பிற்காலப் பேரரசர்களான டைட்டஸும் டொமிஷியனும் பழைய பேரரசர்களின் காசுகளை மறுபடி அடித்தார்கள்; மீட்டு அடித்தது என்று பொருள்படும் 'ரெஸ்ட்' என்ற எழுத்து இருக்கிறதா என்று தேடுங்கள்.

வெள்ளி முலாம் பூசிய செம்பு அந்தக் காலத்திலேயே உண்டு. விளிம்பில் வெட்டுப்பட்ட இடத்தில் சிவப்பு தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் தண்ணீர்ச் சோதனை: தராசில் தண்ணீர்க் குவளையை வைத்து எண்ணைப் பூச்சியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். காட்டும் எண்ணால் காசின் எடையை வகுக்க வேண்டும். நல்ல வெள்ளி 10.3-க்கு அருகில், செம்பு உள்ளே இருந்தால் 9-ஐ ஒட்டி, பொன் 19-ஐ ஒட்டி வரும். டினாரியஸுக்குத் தராசு காட்டுவது 0.37 அளவுதான், 0.01 பிசகினாலே விடை மாறும் என்பதால் பலமுறை செய்து சராசரி எடுங்கள். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு கெடும். படலம் உதிரும் நிலையில் உள்ள காசில் இதைச் செய்யவே கூடாது.

விளிம்பில் சிறு விரிசல் இருந்தால் பயப்பட வேண்டாம். சுத்தியலால் அடித்த காசில் அது இயல்பு. விளிம்பைச் சுற்றி ஒரே கோடாக ஒட்டுத் தழும்பும், பரப்பில் ஊசிமுனைக் குழிகளும் இருந்தால் வார்த்த போலி.

முகத்தின் குறுக்கே ஆழமான உளிவெட்டு இருந்தால் அதைச் சேதம் என்று ஒதுக்காதீர்கள். 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் கருக்காக்குறிச்சியில் கிடைத்த 501 பொன் காசுகளில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான் வெட்டுப்பட்டிருக்கின்றன. வேண்டுமென்றே செய்தது, காசாக இனிச் செல்லாது, பொன்னாக மட்டும் செல்லும் என்று ஆக்குவதற்காக இருக்கலாம். வெட்டு எந்தப் பக்கம், எந்தத் திசை என்று பதிவு செய்யுங்கள்.

எழுத்து இருந்தும் எந்தச் சொல்லும் கூடிவரவில்லை, வெறும் கோடும் வட்டமுமாக இருக்கிறது என்றால் இந்தியாவில் செய்த பின்பற்றல் காசாக இருக்கலாம். இலங்கையிலும் மதுரை, கரூர்ப் பக்கமும் ஆற்று மணலில் கிடைக்கும் விரல்நக அளவுச் செப்புக் காசுகளில் ரோமானியவை பெரும்பாலும் 4, 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மேலே சொன்ன எந்தக் கணக்கும் அவற்றுக்குப் பொருந்தாது.

எழுதிவைப்பதும் சட்டமும்

ஒரு காசுக்கு ஒரு சீட்டு. உலோகம், எடை, விட்டம், முன்பக்க எழுத்து, உருவம், பின்பக்க எழுத்து, உருவம், வெட்டு, முத்திரை, கிடைத்த இடம். படிக்க முடியாத எழுத்துக்குப் புள்ளி வையுங்கள். ஊகித்து நிரப்பிய எழுத்தை அடைப்புக்குள் போடுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் அடுத்து படிப்பவர் உங்கள் ஊகத்தையே சான்றாக எடுத்துக்கொள்வார். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து இரு பக்கமும் படம் எடுங்கள், ஒளி எப்போதும் மேல் இடதிலிருந்து.

மண்ணில் கிடைத்த காசு என்றால் இந்தியாவில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பொருந்தும்: மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டு தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதை வியாபாரம் செய்யவும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. குவியலாகக் கிடைத்திருந்தால் பானையோடும் மண்ணோடும் அப்படியே விடுங்கள். ஒன்றிரண்டைப் பிரித்து எடுத்தாலே, எந்தக் காசு எந்தக் காசோடு சேர்ந்து புதைந்தது என்ற தகவல் போய்விடும்.